ஆயிரம் பேரைக் கேட்டு உலகின் மனத்தை அறிவது எப்படி?

வானொலியிலும் நாளிதழ்களிலும் அவ்வப்போது ஒரு வகைச் செய்தி வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். உலக மக்களுள் பெரும்பாலோருக்கு விலைவாசி உயர்வே முதற் கவலை என்று ஒருநாள் அச்செய்தி கூறும். தங்கள் பிள்ளைகளின் காலம் தங்கள் காலத்தைவிடக் கடினமாக இருக்கும் எனப் பாதிப்பேருக்கு மேல் எண்ணுகின்றனர் என்று மற்றொரு நாள் கூறும். இதனைக் கேட்டவுடன் தோட்ட மக்கள் நம்மிடம் எழுப்பும் வினா ஒன்றே: "எங்களை ஒருவரும் வந்து கேட்கவில்லையே! பிறகு உலக மக்கள் என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

நியாயமான வினாதான். கருத்தாய்வு என்னும் கலையின் ஆணிவேரே இவ்வினாவில் அடங்கியுள்ளது. ஆதலால் இதற்குரிய விடையை இத்திங்கள் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஸ்டோரில் கிடைக்கும் விடை

விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. அது பால் ஸ்டோரில் நம் கண்ணெதிரே நடைபெறுகிறது. மரம் வெட்டுபவர் கொண்டுவரும் பாலை நிறுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அப்பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதையும் அறிந்தாக வேண்டும். அதற்காக வாளியிலுள்ள பால் முழுவதையும் உறையவைத்து உலர்த்திப் பார்ப்பார் உண்டோ? ஒரு சிறு குவளையளவு பாலை எடுத்து, அதில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பார்க்கிறார்கள். அல்லது அச்சிறு அளவை மட்டும் உறையவைத்து, உலர்த்தி, நிறுக்கிறார்கள். அந்தக் குவளையே வாளி முழுவதற்கும் சாட்சி சொல்கிறது.

ஆனால் அச்சாட்சி மெய்ச்சாட்சியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாலை எடுக்குமுன் நன்றாகக் கலக்கிவிட வேண்டும். மழைநீர் விழுந்த பாலைக் கலக்காமல் மேலாக மொண்டால் ஒரு கணக்கு வரும். அடியிலிருந்து எடுத்தால் வேறொரு கணக்கு வரும். கலக்காத வாளியிலிருந்து சிறு குவளைக்கு மாறாகப் பெரிய குவளையில் எடுத்தாலும் பயனில்லை. தவறுதான் பெரிய அளவில் கிடைக்கும்.

மக்கள் கருத்தை அறிவதும் இவ்வாறே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் கூறியது, பானை முழுவதும் ஒருசீராகக் கொதித்து வெந்திருக்கும் என்னும் துணிவினால் அன்றோ? நாட்டு மக்கள் பானைச் சோறு போல் ஒரு சீராக இருப்பதில்லை. நகரத்தார், தோட்டத்தார், மீனவர், அலுவலகப் பணியாளர், செல்வர், வறியவர், ஆடவர், பெண்டிர் எனப் பலவகையாக உள்ளனர். இவர்களைக் கலக்கி மொள்ளுவது எங்ஙனம் என்பதே ஆய்வாளரின் தலையாய சிக்கல்.

23 இலட்சம் சீட்டுகள் பொய்த்த கதை

1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடைபெற்றது. பதவியிலிருந்த பிராங்க்லின் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஆல்ஃபிரட் லாண்டன் என்பவர் போட்டியிட்டார். அந்நாட்டில் அப்பொழுது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் புகழ்பெற்ற வார இதழ் ஒன்று வெளிவந்துகொண்டிருந்தது. 1916ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் வெல்பவர் யார் என்பதை முன்கூட்டியே சரியாகச் சொல்லி வந்த பெருமை அவ்விதழுக்கு உண்டு. 1936இல் அது ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 23 இலட்சத்திற்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு 57 பேர் லாண்டன் பக்கம் இருப்பதாக இதழ் அறிவித்தது.

தேர்தல் முடிவு வெளியான போதோ, ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளைப் பெற்றிருந்தார். அந்நாளில் இருந்த 48 மாநிலங்களுள் 46இல் அவரே வென்றார்.

23 இலட்சம் பேரைக் கேட்டும் ஏன் பொய்த்தது? முகவரிகள் எங்கிருந்து திரட்டப்பட்டன என்று பார்த்தால் விடை புலப்படும். தொலைபேசி வைத்திருப்போர் பட்டியல், மோட்டார் வண்டி வைத்திருப்போர் பட்டியல் ஆகியவற்றிலிருந்து பெரும்பாலான பெயர்கள் எடுக்கப்பட்டன. அதுவோ பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலையற்றோரும் கூலிக்காரரும் தொலைபேசிக்கு எங்கே போவார்கள்? ரூஸ்வெல்ட்டின் திட்டங்களால் பயனடைந்த ஏழை மக்கள் அப்பட்டியல்களில் மிகக் குறைவாகவே இருந்தனர். இன்னொரு காரணமும் உண்டு. சீட்டுப் பெற்ற நால்வருள் ஒருவர் கூட அதைத் திருப்பி அனுப்பவில்லை. மாற்றம் வேண்டும் என்று துடித்தவர்களே மிகுதியாக எழுதி அனுப்பினர், மற்றவர்கள் வாளாவிருந்துவிட்டனர். வாளி கலக்கப்படவில்லை, குவளை மட்டும் மிகப் பெரிதாக இருந்தது. 1938இல் அவ்விதழே நின்றுபோயிற்று.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்னும் இளைஞர் ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று கூறினார். சீட்டுகள் அஞ்சலில் போகும் முன்னரே, அவ்விதழ் என்ன தவறான முடிவைச் சொல்லப் போகிறது என்பதையும் அவர் ஏறத்தாழச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் சுவையான செய்தி. ஆயினும் கேலப்பும் சறுக்கினார். 1948இல் தாமஸ் டூயி வெல்வார் என்று அவர் கணித்தார். வென்றவர் ஹாரி ட்ரூமன். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னரே கேட்பதை நிறுத்தியதும், இன்னாரில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்துக்கொண்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பேட்டியாளரின் விருப்பத்திற்கு விட்டதும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. யாருக்கும் எளிதில் கிடைப்பவரைக் கேட்பதுதானே எளிது! அதன்பின் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பேட்டியாளரிடமிருந்து எடுக்கப்பட்டுக் குலுக்கல் முறையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது.

குலுக்கல் முறையில் யாவருக்கும் வாய்ப்புண்டு. இன்னார் வேண்டும், இன்னார் வேண்டா என்று ஒருவரும் பொறுக்கி எடுப்பதில்லை. இம்முறையில் ஏறத்தாழ 1,000 பேரைக் கேட்டால், வரும் விடை உண்மையிலிருந்து நூற்றுக்கு மூன்றளவு மேலோ கீழோ மட்டுமே விலகியிருக்கும். இருபது ஆய்வுகளில் பத்தொன்பதில் இவ்வாறு அமையும் என்பது கணிதம் காட்டும் உண்மை. நாடு சிறிதாயினும் பெரிதாயினும் இக்கணக்கு பெரும்பாலும் மாறாது. வாளிப் பாலுக்கும் தொட்டிப் பாலுக்கும், நன்கு கலக்கப்பட்டிருந்தால், அதே குவளை போதும் அல்லவா? இவ்வெல்லையை நினைவிற் கொண்டால் செய்தி படிப்பதில் ஒரு தெளிவு பிறக்கும். 47 விழுக்காட்டினர் ஒன்றைச் சொன்னார்கள், 45 விழுக்காட்டினர் மற்றொன்றைச் சொன்னார்கள் என்றால், முந்தியது எதுவென்று அந்த ஆய்வைக் கொண்டு யாரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

பத்துப்படி ஏணி

ஒரு நாட்டின் தேர்தலை அறிவது வேறு; பல நாட்டு மக்களின் வாழ்க்கைக் கவலைகளை ஒரே அளவுகோலால் அளப்பது வேறு. இரண்டாவதைத் துணிந்து செய்தவர்களுள் ஹாட்லி கான்ட்ரில் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். இந்தியா, பிலிப்பீன்ஸ், நைஜீரியா, பிரேசில், போலந்து முதலிய பத்துக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய விடைகளை அவர் 1965இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கையாண்ட முறை எளியது, எழுத்தறியாதவருக்கும் விளங்குவது. முதலில், உங்கள் வாழ்வில் நீங்கள் விரும்புவது யாது, அஞ்சுவது யாது என்று கேட்டு, அவரவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டார். பின்னர் ஏணியின் படம் ஒன்றைக் காட்டினார். அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு உச்சிப் படி; மிக இழிந்த வாழ்வு அடிப்படி. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஐந்தாண்டுகளுக்கு முன்னர் எங்கு நின்றீர்கள்? ஐந்தாண்டுகளுக்குப் பின் எங்கு நிற்பீர்கள் என எண்ணுகிறீர்கள்? உயர வெட்டுக்கு ஏணி சுமந்து பழகியவர்களுக்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இன்றிரவு வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனியே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் இருவர் வெவ்வேறு படிகளில் நிற்பது கண்டு வியப்படையவும் கூடும்.

கான்ட்ரில் கண்டது என்ன? நாடு, மதம், மொழி, ஆட்சிமுறை எல்லாம் வேறுபட்டும், மக்களின் சொந்த வாழ்வு பற்றிய கவலைகள் பெரிதும் ஒத்திருந்தன. போதிய வருவாயும் வாழ்க்கை வசதியும், குடும்பமும் பிள்ளைகளின் எதிர்காலமும், உடல்நலமும் ஆகிய இவையே எங்கும் முன்னின்றன. பெரிய அரசியல் கொள்கைகள் பலருடைய விடைகளில் பின்தங்கியே இருந்தன. அந்த ஏணி இன்றும் வழக்கிலுள்ளது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவது இவ்வேணி வினாவுக்குக் கிடைத்த விடைகளைக் கொண்டேயாகும். 'மகிழ்ச்சி' என்னும் தலைப்பைக் கண்டு, அந்நாட்டார் ஓயாமல் சிரித்துக்கொண்டிருப்பதாகக் கருதிவிடலாகாது. தம் வாழ்வைத் தாமே எத்தனையாவது படியில் வைக்கின்றனர் என்பதே அங்குள்ள எண்.

பசியையும் கேட்டறியலாம்

கேலப் தொடங்கிய நிறுவனம் 2005 முதல் உலக ஆய்வு ஒன்றை நடத்திவருகிறது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், நாடொன்றுக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ 1,000 பேரைக் கேட்கிறார்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ தேவையான உணவு வாங்கப் பணம் இல்லாமற்போன நேரம் உண்டா என்பது அதில் ஒரு வினா. நேற்றைய பொழுதில் பெரும்பகுதியைக் கவலையில் கழித்தீர்களா என்பது மற்றொன்று.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014 முதல் இவ்வாய்வில் எட்டு வினாக்களைச் சேர்த்தது. பணமின்மையால் உணவு போதாதோ என்று கவலைப்பட்டீர்களா என்று அவை தொடங்குகின்றன. சத்தான உணவு உண்ண இயலாமற்போனதா, ஒரு சில வகை உணவையே உண்டீர்களா, ஒரு வேளை உணவைக் கைவிட்டீர்களா, உண்ண வேண்டிய அளவிற் குறைத்தீர்களா, வீட்டில் உணவு தீர்ந்ததா, பசித்தும் உண்ணாதிருந்தீர்களா என்று படிப்படியாக இறங்கி, ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தீர்களா என்பதில் முடிகின்றன. இவ்வினாக்களைக் கொண்டுதான், 2023ஆம் ஆண்டில் உலக மக்களுள் நூற்றுக்கு 29 பேர், அதாவது ஏறத்தாழ 233 கோடிப் பேர், உணவு உறுதியின்றி வாழ்ந்தனர் என்று 2024இல் வெளியான அறிக்கை கணித்தது.

மேற்கண்ட எட்டு வினாக்களையும் ஒரு தாயிடம் கேட்பதாக எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரி திண்ணையில் அமர்ந்திருக்கிறார். மாமியார் உள்ளே இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுத் தான் உண்ணாமற் படுத்த இரவுகளை அத்தாய் வாய்விட்டுச் சொல்வாரா? "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார். தன்மானம் அவ்வாறு சொல்ல வைக்கும். அதனால்தான் நல்ல பேட்டியாளர் தனித்திருந்து கேட்க முயல்கிறார். தனியிடம் வேண்டும் என்று கேட்பது விடையளிப்பவருக்கும் உரிமையே.

எண்களைப் படிக்கும் பொழுது

2002இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 44 நாடுகளில் 38,000 பேரிடம் தன் முதல் உலக ஆய்வை நடத்தியது. அம்மையம் 2024இல் திரட்டி 2025 தொடக்கத்தில் வெளியிட்ட 36 நாட்டு ஆய்வில் மலேசியாவும் சிங்கப்பூரும் இடம்பெற்றன. செல்வருக்கும் வறியவருக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு தங்கள் நாட்டில் மிகப் பெரிய சிக்கல் என்று 54 விழுக்காட்டினர் கூறினர். பிள்ளைகள் பெரியவர்களாகும் போது பெற்றோரைவிடப் பொருளாதாரத்தில் தாழ்ந்திருப்பர் என்று 57 விழுக்காட்டினர் கூறினர். பிரான்சு, ஜப்பான் போன்ற செல்வ நாடுகளில் இந்த அவநம்பிக்கை மிகுந்திருந்தது. இந்தியாவிலோ நம்பிக்கை மேலோங்கியிருந்தது. இருப்பவர்க்கு இழப்பச்சம், இல்லாதவர்க்கு ஏறும் ஆசை என்பது நம் கருத்து.

இங்கு 54 என்பதை உலக மக்கள் அனைவரின் சராசரி என்று கொள்ளலாகாது. காலைப் பெரட்டில் தொழிலாளர்களை உயரப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவரின் உயரத்தைக் குறித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவ்வாறே 36 நாடுகளின் விழுக்காடுகளை வரிசைப்படுத்தி நடுவில் அமைவதை எடுத்துள்ளனர். இந்த நடு எண்ணில் கோடானுகோடி மக்களுள்ள இந்தியாவும் ஒரு நாடுதான், சிங்கப்பூரும் ஒரு நாடுதான்.

இன்னொரு நுட்பம் மொழிபெயர்ப்பிலுள்ளது. ஆங்கிலத்தில் 'கன்சர்ன்' என்னும் ஒரே சொல் அக்கறையையும் குறிக்கும், கவலையையும் குறிக்கும். மகளின் படிப்பில் அக்கறை உண்டா என்று கேட்டால் எந்தத் தந்தையும் உண்டு என்பார். மகளின் படிப்பை எண்ணிக் கவலைப்படுகிறீர்களா என்றால், அவள் நன்றாகப் படிப்பவளாயின், இல்லை என்பார். ஆதலால் தேர்ந்த நிறுவனங்கள் வினாவை ஒருவர் மொழிபெயர்த்ததும், மூலத்தைப் பாராத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீள்வோம். எங்களைக் கேட்கவில்லையே என்பவர்களுக்கு முழு விடை, எந்த ஆய்வு என்பதைப் பொறுத்தது. இப்சோஸ் என்னும் நிறுவனம் முப்பதளவான நாடுகளில் மாதந்தோறும் மக்களின் கவலைகளைக் கேட்கிறது. 2022 ஏப்ரல் தொடங்கி இரண்டாண்டுகளுக்கு மேலாக விலையேற்றமே அதில் முதலிடம் பெற்றிருந்தது. மலேசியாவும் அந்நாடுகளுள் ஒன்று. ஆனால் அவ்வாய்வு இணையத்தின் வழியே நடத்தப்படுவது. மலேசியா, இந்தியா முதலிய நாடுகளில் விடையளிப்போர் பொதுமக்களைக் காட்டிலும் நகர்ப்புறத்தாராகவும், கல்வியும் வருவாயும் கூடியவராகவும் இருப்பர் என்று அந்நிறுவனமே தன் குறிப்பில் எழுதுகிறது. நேர்மையான குறிப்பு, ஆனால் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதால் செய்தியாளர் பலர் அதனை எடுத்துச் சொல்வதில்லை. 1936இல் தொலைபேசி செய்த வேலையை இன்று இணையம் செய்யக்கூடும். அத்தகைய ஆய்வில் தோட்ட மக்களின் குரல் மெலிந்தே ஒலிக்கும். வீடுவீடாகச் சென்று நேரிற் கேட்கும் ஆய்வில் நிலைமை வேறு. அங்கே லயத்து வீட்டுக்கும் நகரத்து மாளிகைக்கும் குலுக்கலில் சமவாய்ப்பு உண்டு.

பேட்டியாளர் வாசலுக்கு வந்தால்

அவ்வாய்ப்பு நம் வீட்டுக்கே வாய்த்தால் என்ன நிகழும்? முற்பகல் வேளையில் பேட்டியாளர் வருகிறார். மரம் வெட்டுபவர்கள் நிரையில் இருப்பர். வீட்டில் முதியவர்களே இருப்பர். எளிதாகக் கிடைத்தவரைக் கேட்டுவிட்டுப் போவது முறையன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லையேல் மீண்டும் வர வேண்டும் என்பது விதி. இன்ன நேரத்தில் வாருங்கள் என்று நாமே சொல்லி அனுப்பலாம்.

வீட்டிலுள்ள பெரியவர்களுள் யாரைக் கேட்பது என்பதும் குலுக்கலிலேயே முடிவாகும். லெஸ்லி கிஷ் என்னும் புள்ளியியல் அறிஞர் 1949இல் இதற்கென ஓர் அட்டவணையை வகுத்தளித்தார். குலுக்கல் மருமகளின் பெயரைச் சுட்டினால் மருமகள்தான் விடையளிக்க வேண்டும். "அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் கேளுங்கள்" என்று குடும்பத் தலைவர் முன்வருவது நல்லெண்ணத்தாலேயே ஆகலாம். ஆயினும் அவர் விடை அங்கே செல்லாது. மண்டோரோ கிராணியோ அருகில் நின்றால், சம்பளம் பற்றியும் வீட்டு வசதி பற்றியும் மனந்திறந்து பேசுவது எவருக்கும் அரிது. அவர்களைச் சற்று விலகியிருக்கும்படி பேட்டியாளரே பணிவுடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறை நடத்தும் குடும்ப வருமான ஆய்வும் மாதிரி முறையிலேயே நடைபெறுகிறது. ஆனால் அது கருத்தாய்வு அன்று. 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டத்தின்கீழ் நடத்தப்படுவதால் அதற்கு விடையளிப்பது கடமை. தனியொருவரின் விவரத்தை மறைவாகக் காப்பது துறையின் கடமை. வறுமை பற்றிய கணக்கு அதிலிருந்தே பிறக்கிறது. 2016ஆம் ஆண்டில் நாட்டு வறுமை 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வறுமைக் கோடு வகுக்கும் முறை திருத்தப்பட்ட பின்னர், அதே ஆண்டுக்குரிய எண் 7.6 விழுக்காடு என 2020இல் வெளியாயிற்று. குடும்பங்களும் அவற்றின் வருவாயும் மாறவில்லை, கோடுதான் உயர்ந்தது. எவ்வளவு வருகிறது என்று கேட்கும்போது, கடன்பட்டதையும் ஓவர்டைம் கிடைக்காத மாதங்களையும் விட்டுவிடாமற் சொல்வது எதற்கென்று இதனால் விளங்கும்.

தனியார் நிறுவனங்களின் கருத்தாய்வோ அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. மறுத்துவிடலாம், இடையிலும் நிறுத்திவிடலாம். பேட்டியாளரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழில் கேட்கக்கூடியவர் உண்டா என்று வினவலாம். வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், பணம் ஆகிய எதையும் உண்மையான கருத்தாய்வாளர் கேட்பதில்லை. கேட்டால் அவர் ஆய்வாளர் அல்லர். வினா ஒன்றைப் பற்றி நமக்குக் கருத்தே இல்லை என்றால், எதையேனும் சொல்லி ஒப்பேற்ற வேண்டியதில்லை. 'தெரியாது' என்னும் விடைக்கும் வினாத்தாளில் தனியே ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிடும்படி சொல்லலாம். ஆய்வு முடிவில் அதுவும் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது.